பொறாமையை நோய் என்று எழுதாதீர்கள்: கூட்டு வீடு தொடங்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெர்லினுக்கு வெளியே பழைய பண்ணை ஒன்றை வாங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட காதல் உறவுகளையும் ஒளிக்காமல் ஏற்றுக் கூட்டாக வாழப்போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் சாசன வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு மட்டும் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இது உங்களோடு முடிகிற விஷயம் இல்லை என்று தோன்றியது. இந்த நகரத்தைச் சுற்றி இதே கனவோடு இடம் தேடிக்கொண்டிருக்கும் குழுக்கள் பல. நம் ஆட்களும் அவற்றில் சேர்கிறார்கள்: மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். உங்களில் யாருடைய பெயரும் இதில் வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுக்கப் பாடம் நடத்த நான் வரவில்லை. ஒருவர் ஒரே காலத்தில் இருவரை உண்மையாக நேசிக்க முடியும் என்று நம்புகிறவள் நான். ஊரறியாமல் 'சின்ன வீடு' வைத்துக்கொண்டு, கேட்கத் துணிந்த மனைவியின் வாயை அடைத்த ஆண்களை நாம் எல்லோருமே நம் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லோரும் அறிய, எல்லோரும் சம்மதித்து நடக்கும் உறவு எவ்வளவோ நேர்மையானது. சமையலையும் சம்பளத்தையும் குழந்தை வளர்ப்பையும் பகிர்ந்துகொள்ள நீங்கள் எடுத்திருக்கும் முடிவையும் மனதார வரவேற்கிறேன்.

என் சண்டை உங்கள் வரைவில் உள்ள ஒரே ஒரு வரியோடுதான். "பொறாமை என்பது உடைமைச் சமூகம் நமக்குள் விதைத்த நோய், அதிலிருந்து விடுபட ஒவ்வோர் உறுப்பினரும் குழுவின் முன் உழைப்பார்." இந்த வரியை எடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வரி உங்களுக்கு முன்பே பலர் கையில் இருந்திருக்கிறது. அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1848இல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் என்ற மதபோதகர் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடாவில் ஒரு சமூகத்தைத் தொடங்கினார். அதற்கு முன் வெர்மாண்ட்டில் இதே முயற்சியைச் செய்து, 1847இல் பிறன்மனை உறவுக் குற்றச்சாட்டில் கைதாகி, அங்கிருந்து கிளம்பி வந்தவர். ஒனைடாவில் சொத்து பொது, உழைப்பு பொது, திருமணமும் பொது. அங்கே இருந்த ஒவ்வோர் ஆணும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கணவன் என்பதே கொள்கை. இது ஏதோ சில மாதக் கூத்து இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1870களில் ஏறத்தாழ முந்நூறு பேர் ஒரே பெரிய மாளிகையில் வாழ்ந்தார்கள். அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது.

அவர்கள் செய்த நல்லதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்கப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையைப் பெருக்கும் பாவாடையில் நடமாடிய காலத்தில், ஒனைடாப் பெண்கள் தலைமுடியை வெட்டிக்கொண்டு, குட்டைப் பாவாடைக்குள் கால்சட்டை அணிந்து பட்டறையில் வேலை பார்த்தார்கள். கருத்தரிப்பைத் தவிர்க்கும் பொறுப்பு ஆணுடையது என்று வைத்திருந்தார்கள். அதனால் பல ஆண்டுகள் பெண்கள் அடுத்தடுத்த பிரசவத்திலிருந்து தப்பித்தார்கள். ஓர் ஆணுக்கு ஒரு பெண்ணிடம் விருப்பம் என்றால் அவன் நேரில் போய்க் கேட்கக் கூடாது. பெரும்பாலும் வயதில் மூத்த பெண் ஒருத்தி வழியாகத்தான் கேட்க வேண்டும். முகத்துக்கு நேரே மறுக்கும் சங்கடம் இல்லாமல் 'வேண்டாம்' என்று சொல்லிவிட அது வழி செய்தது. இந்த ஏற்பாட்டை நான் இன்றும் மதிக்கிறேன். உங்கள் வரைவில் இதற்கு இணையாக எதுவும் இல்லை என்பதையும் கவனித்தேன்.

ஆனால் ஒனைடாவில் ஒன்று மட்டும் அனுமதிக்கப்படவில்லை: ஒருவர் மீது மட்டும் மனம் ஒட்டிக்கொள்வது. இருவர் அடிக்கடி ஒருவரையொருவர் மட்டுமே நாடினால் அது தன்னலம், சமூகத்துக்கு எதிரான குற்றம். அதற்கு மருந்தாக 'பரஸ்பர விமர்சனம்' என்ற கூட்டம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் நடுவில் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவருடைய குறைகளை எடுத்துச் சொல்வார்கள். அவர் பதில் பேசாமல் கேட்க வேண்டும். அப்படியும் பிரியாத காதலர்களில் ஒருவரைக் கனெக்டிகட்டில் இருந்த கிளைச் சமூகத்துக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. நாய்ஸ் மட்டும் மற்றவர்களைப் போல அந்த இடத்தில் உட்கார்ந்து அடுத்தவர் வாயால் தன் குறையைக் கேட்டதில்லை.

பிள்ளைப் பாசமும் இதே கணக்கில் வந்தது. 1850களின் தொடக்கத்தில் அங்கிருந்த சிறுமிகளின் பொம்மைகளை அடுப்பில் போட்டு எரிக்க வைத்தார்கள். பொம்மையைக் கட்டிப் பிடித்துப் பழகினால் நாளைக்குத் தன் பிள்ளை என்ற பற்று வரும் என்பது காரணம். குழந்தைகள் தனிப் பகுதியில் வளர்ந்தார்கள். தாயைப் பார்க்கும் நேரத்துக்கும் அளவு இருந்தது.

1869இல் நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் யாரோடு சேர்ந்து குழந்தை பெறலாம் என்பதைச் சமூகமே தீர்மானிக்கும் ஒரு திட்டத்தை நாய்ஸ் தொடங்கினார். 53 இளம்பெண்கள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். தாங்கள் தங்களுக்குச் சொந்தமில்லை, முதலில் கடவுளுக்கும் அடுத்து அவருடைய பிரதிநிதியான நாய்ஸுக்கும் சொந்தம் என்றார்கள். பிள்ளை பெறும் விஷயத்தில் அவருக்கு இடைஞ்சலாகும் எந்தத் தனிப்பட்ட உணர்வும் தங்களுக்கு இருக்காது என்றார்கள். பொறாமையையும் சிறுபிள்ளைத்தனத்தையும் ஒதுக்கிவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களின் மகிழ்ச்சியில் தாங்களும் மகிழ்வோம் என்றார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அந்தத் திட்டத்தில் 58 குழந்தைகள் பிறந்தன. அவர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குத் தகப்பன் நாய்ஸ்.

அந்த உறுதிமொழியையும் உங்கள் வரைவின் வரியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். பொறாமையை விட்டுவிடு, மற்றவரின் இன்பத்தில் மகிழ் என்பது கேட்க எவ்வளவு உயர்வாக இருக்கிறது! ஆனால் அதையே ஒரு கூட்டம் ஒருத்தியிடம் கையெழுத்தாக வாங்கிவிட்டால், "எனக்கு இது வேண்டாம்", "எனக்கு இது வலிக்கிறது" என்று சொல்ல அவளுக்கு மிச்சம் இருக்கும் இடம் எது?

ஒனைடா உடைந்தது வெளியார் எதிர்ப்பால் மட்டும் இல்லை. வளர்ந்துவரும் சிறுமிகளை இந்த முறைக்குள் கொண்டுவரும் அதிகாரம் யாருடையது என்று தலைமைக்குள்ளேயே மோதல் வெடித்தது. அதற்காக வழக்கு வரலாம் என்ற அச்சமும் இருந்தது. 1879 ஜூனில் நாய்ஸ் கைதுக்குப் பயந்து கனடாவுக்கு ஓடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டுத் திருமணம் கைவிடப்பட்டது. இளையவர்கள் பலர் தாங்கள் விரும்பியவரை மணந்துகொண்டார்கள். 1881இல் அந்தச் சமூகம் ஒரு பங்கு நிறுவனமாக மாறியது. பிற்காலத்தில் கரண்டி, முள்கரண்டிக்குப் பெயர் போன ஒனைடா அதுதான்.

பழைய கதை, மதவாதிகளின் கதை என்று நீங்கள் ஒதுக்கக்கூடும். சரி, உங்கள் அரசியலுக்குப் பக்கத்திலேயே வருகிறேன். ஆஸ்திரியாவின் பர்கன்லாண்டில் ஓட்டோ மூல் என்ற ஓவியர் 1970களில் ஃபிரீட்ரிக்ஸ்ஹோஃப் கம்யூனைக் கட்டினார். கடவுள் இல்லை, தனிச்சொத்து இல்லை, ஜோடி சேர்வதற்கும் தடை. பொறாமை, சிறு குடும்பம் மனிதனுக்குள் விட்டுச்சென்ற கோளாறு என்று அங்கே சொன்னார்கள். கிட்டத்தட்ட உங்கள் சொற்களேதான். இருவர் சேர்ந்திருக்கத் தடை போட்ட அந்த மனிதர் பிறகு தான் மட்டும் முறைப்படி திருமணம் செய்துகொண்டார். 1991இல் சிறுவர் சிறுமியர் மீதான பாலியல் குற்றங்களுக்காக அவருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் கெரிஸ்டா இவற்றைப் போலக் கொடுமையானது இல்லை. 1971 முதல் 1991 வரை இருந்த சிறிய குழு அது. யார் எந்த இரவு யாரோடு என்பதற்குச் சுழற்சி அட்டவணை போட்டு, யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டார்கள். தன் காதலர் இன்னொருவரோடு மகிழ்ந்திருப்பதைக் கண்டு தானும் மகிழ்வதற்குக் 'கம்பர்ஷன்' என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். இன்று பாலிஅமரி, அதாவது எல்லோரும் அறியப் பலரை நேசிக்கும் வாழ்க்கை, பற்றிப் பேசும் எல்லோர் வாயிலும் அந்தச் சொல் இருக்கிறது. கடைசியில் அவர்களும் தங்கள் நிறுவனரின் பிடியோடு மோதித்தான் கலைந்தார்கள்.

இந்த மூன்றிலும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். பொறாமையை நோய் என்று அறிவித்த இடத்தில் வைத்தியர் ஒருவர் தேவைப்படுகிறார். வைத்தியருக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. உங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லை என்பீர்கள். இன்று இல்லைதான். ஆனால் உங்களில் ஒருவர் மற்றவர்களைவிட நன்றாகப் பேசுவார். ஒருவர் இந்த வாழ்க்கையில் அதிக அனுபவம் உள்ளவராக இருப்பார். ஒருவர் வீட்டுக்கு அதிகப் பணம் போட்டிருப்பார். அழுதுகொண்டு வருகிறவரிடம் "உன் உடைமை உணர்வைக் கவனி" என்று சொல்லப்போவது அவர்களில் ஒருவராகத்தான் இருக்கும்.

நான் இருந்த ஒரு கூட்டு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். அங்கே ஒரு தோழியின் காதலருக்கு அதே வீட்டில் இன்னொருவரோடு உறவு தொடங்கியது. தோழி தடுக்கவில்லை. அவர் கேட்டதெல்லாம், தான் காலையில் வேலைக்குக் கிளம்பும் அரை மணி நேரம் அவர்கள் இருவரும் சமையலறையில் சேர்ந்து இருக்க வேண்டாம் என்பதுதான். அதற்காக, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசும் வட்டம் ஒன்றைக் கூட்டினார்கள். நடுவில் அவரை உட்கார வைத்து, அப்பா எப்படி, சின்ன வயதில் யார் விட்டுப் போனார்கள் என்று தோண்டினார்கள். எல்லோரும் கனிவாகத்தான் பேசினார்கள். சமையலறையைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் தோழியின் பெயர் இல்லை. சில வாரங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான்.

கூட்டு வாழ்வில் இந்த விஷயம் ஏன் இவ்வளவு கூர்மையாகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். தனித்தனி வீடுகளில் வாழ்கிறவர்களுக்குக் காதலரின் இன்னோர் உறவு நகரத்தின் மறு மூலையில் இருக்கிறது. மனம் தேறிக்கொள்ளத் தூரம் உதவுகிறது. உங்களுக்கோ ஒரே அடுப்பு, ஒரே குளியலறை, மெல்லிய சுவர். வாசலில் கிடக்கும் செருப்பே இரவு யார் எங்கே என்று சொல்லிவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் ராத்திரியில் அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் எழும் கோபத்துக்குத் தத்துவம் எதுவும் வேண்டாம். மருந்து எடுத்துவர ஒரு கை வேண்டும், அவ்வளவுதான். நான் கேட்ட பொறாமைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். நேரம், தூக்கம், பணம், யார் பாத்திரம் கழுவுவது, யாரோடு விடுமுறைக்குப் போவது. இவற்றை ஆன்மாவின் குறையாகப் பேசத் தொடங்கினால் பாத்திரம் கழுவப்படாமலேயே கிடக்கும்.

மிச்சப் பாதி நிஜமாகவே இழப்பின் பயம். அதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் மருதத் திணையை நினைத்துக்கொள்ளுங்கள். பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்கு வீட்டு வாசலில் என்ன நடக்கிறது? தோழி வழியை மறித்து நிற்கிறாள். வாயில் மறுத்தல் என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. தலைவிக்கு நோய் என்று யாரும் சொல்லவில்லை. ஊடல் அந்தத் திணையின் உரிப்பொருள். அந்த உலகத்தில் பிற உறவுக்கான உரிமை ஆணுக்கு மட்டுமே இருந்தது என்பதை நான் மறக்கவில்லை, அந்த அநியாயத்தைப் போற்றவும் இல்லை. ஆனால் கோபித்துக் கதவைச் சாத்தவும், பக்கத்தில் ஒருத்தி துணை நிற்கவும் அங்கே இடம் இருந்தது. உங்கள் சாசனத்தில் கதவும் இல்லை, தோழியும் இல்லை. வட்டம் மட்டும்தான் இருக்கிறது.

வட்டமே கூடாது என்று சொல்லவில்லை. உங்களில் சிலர் பாட் பெல்ஸிக்கில் உள்ள ZEGG என்ற கூட்டுவாழ்வுச் சமூகத்தின் கோடை முகாமுக்குப் போய்வந்த உற்சாகத்தில்தான் இந்த வரைவு பிறந்தது என்று எனக்குத் தெரியும். 1991 முதல் நடந்துவரும் இடம் அது. ஒருவர் நடுவில் வந்து மனதில் உள்ளதைப் பேச, மற்றவர்கள் தாங்கள் கண்டதைத் திருப்பிச் சொல்லும் 'ஃபோரம்' முறை அங்கே பலருக்கு உதவியிருக்கிறது. தானாக விரும்பி நடுவில் வருகிறவருக்கு அது நல்லது. வராவிட்டால் உறுப்பினர் தகுதியே கேள்வியாகும் என்றால் அதே முறை விசாரணையாகிவிடும். உங்கள் வரைவில் "உழைப்பார்" என்று இருக்கிறது. "விரும்பினால்" என்று எங்கேயும் இல்லை.

வேறு மாதிரி இருக்கிறதா என்றால் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுவாழ்வுச் சமூகம் 1967இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஏறத்தாழ நூறு பேர், வருமானம் பொது. பல உறவில் இருப்பவர்களும் உண்டு, ஒரே துணையோடு வாழ்பவர்களும் உண்டு, தனியாக இருப்பவர்களும் உண்டு. அங்கே காதலுக்கென்று உத்தியோகபூர்வக் கொள்கை எதையும் வகுக்கவில்லை. வயது வந்த ஒவ்வொருவருக்கும் தனி அறை கொடுத்தார்கள், தம்பதிக்கும்கூட ஆளுக்கொன்று. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களின் காலம் பதினெட்டு மாதம்தான். மூடிக்கொள்ள ஒரு கதவும் மாறிக்கொண்டே இருக்கும் பொறுப்பாளர்களும் காதலைப் பற்றிய நூறு பக்கத் தத்துவத்தைவிட அதிகம் காப்பாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உங்கள் வரைவு தொடாத ஒன்று. எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான். உங்கள் குழுவில் இருவர் துணைவர் விசாவில் இருக்கிறார்கள். ஜெர்மனியில் துணைவராக வந்தவர் பொதுவாக மூன்று ஆண்டுகள் இங்கே சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான், மணமுறிவுக்குப் பிறகும் தன் சொந்தப் பொறுப்பில் தங்கும் உரிமை பெறுகிறார். வன்முறை போன்ற கடும் நிலைமைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, திருமணம் போனால் இருப்பும் ஆட்டம் காணும். அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் "நம் உறவைத் திறந்துகொள்ளலாமா?" என்று கணவனோ மனைவியோ கேட்கும்போது வரும் 'சரி'யை நான் முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. இங்கே உள்ள நண்பர்கள் எல்லோரும் அதே வீட்டுக்காரர்கள். மொழி இன்னும் கைவரவில்லை. அவர் யாரிடம் போய் 'வேண்டாம்' என்று சொல்வார்? அந்த மூன்று ஆண்டு முடியும்வரை அவரை உறவு பற்றிய எந்தத் தீர்மானத்துக்கும் அவசரப்படுத்த மாட்டோம் என்று எழுதுங்கள். குழுவுக்கு வெளியே, தமிழ் பேசும் ஒருவரை அவர் எந்த நேரமும் அழைக்கலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒருவராக இருக்க நான் தயார்.

வீட்டு விஷயமும் இப்படித்தான். கூட்டு வீடுகளின் ஜெர்மன் கூட்டமைப்பான மீட்ஸ்ஹாய்ஸர் சிண்டிகாட் வழியாக நீங்கள் வாங்கப் போவது நல்ல முடிவு. வீடு தனி ஆள் கைக்குப் போகாது. ஆனால் வீடு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் யாருக்கு வாடகை ஒப்பந்தம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். வரைவில் "இணைகளுக்கு ஓர் ஒப்பந்தம்" என்று இருக்கிறது. அதை ஆளுக்கு ஓர் ஒப்பந்தம், ஆளுக்கு ஓர் அறை என்று மாற்றுங்கள். உறவு முறிந்தாலும் யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்பதையும், போக விரும்புகிறவர் வீட்டுக்காகத் தான் கொடுத்த நேரடிக் கடனை எத்தனை மாதத்தில் திரும்பப் பெறுவார் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். போக முடிகிறவர் தங்குவதற்குத்தான் அர்த்தம் உண்டு.

ஒரே துணையோடு வாழ விரும்புகிறவர் உங்கள் வீட்டில் இரண்டாம்தர உறுப்பினர் ஆகிவிடக் கூடாது. இன்று இருவரை நேசிப்பவர் அடுத்த ஆண்டு ஒருவரோடு மட்டும் இருக்க விரும்பலாம். அதைப் பின்னடைவு என்று யாரும் பேசக் கூடாது. குழந்தைகளைப் பொறுத்தவரை எந்த நெகிழ்வும் வேண்டாம். பெரியவர்களின் காதல் கொள்கைக்கும் பிள்ளைகளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. அவர்களுக்குப் பூட்டக்கூடிய அறையும், குழுவுக்கு வெளியே நம்பிப் பேச ஒரு பெரியவரும் இருக்க வேண்டும்.

அந்த வரியை எடுத்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "பொறாமைப்படும் உறுப்பினர் தன் கோரிக்கையைச் சொல்வார். மற்றவர்கள் முதலில் அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்வார்கள். அவர் கேட்காமல் யாரும் அவருடைய மனதை ஆராய மாட்டார்கள்." இதைவிட நல்ல சொற்கள் உங்களிடம் இருக்கும். துணைவர் விசாவில் இருக்கும் அந்த இருவரையும் உட்கார வைத்து, அவர்களுடைய துணைவர்கள் இல்லாத நேரத்தில், அவர்கள் வாயால் இந்த வரியைச் சொல்ல வைத்து எழுதுங்கள். திருத்திய வரைவை அனுப்புங்கள். கையெழுத்துக்கு முன் இன்னொரு முறை படித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா